பாரிஸ் மாநாட்டுக்குப் போகிறீர்களா? விமான நிலையத்தில் "டாக்ஸி?" என்று வருபவரிடம் கவனம்

பாரிஸின் போர்த் மையோ பகுதியில் இருக்கும் மாநாட்டு மையத்தில் கருத்தரங்கு. சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து அங்கே பக்கத்து ஓட்டலுக்குப் போய்ச் சேர 190 யூரோ அழுதேன். அப்போது அரசு நிர்ணயித்திருந்த டாக்ஸிக் கட்டணம் 56 யூரோ.

நடந்தது இதுதான். சுங்கம் தாண்டி வெளியே வந்ததும் கோட்டு சூட்டு போட்ட ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு எதிரே வந்தார். என் தோளில் தொங்கிய போஸ்டர் உருளையைப் பார்த்துவிட்டு, "கான்ஃபரன்ஸா? போர்த் மையோவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரயிலில் போகப் போகிறேன் என்றேன். "இன்றைக்கு ஸ்ட்ரைக், ரயில் ஓடவில்லை" என்றார். பிரான்ஸில் வேலைநிறுத்தம் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? அந்தப் பொய்யின் அழகே அதுதான். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் அன்றைக்கு வழக்கம்போல் ஓடியிருக்கிறது. அதே விமானத்தில் வந்த ஒரு பேராசிரியர் அதில்தான் வந்து, எனக்கு முன்னால் பதிவு மேசையில் நின்றார்.

வண்டி நின்றது கார் நிறுத்துமிடத்தில். கறுப்பு நிறம், கூரையில் விளக்கு இல்லை. கட்டணம் கேட்டதற்கு "மீட்டர்படி" என்று செல்பேசியைக் காட்டினார். ஓட்டல் வாசலில் அது 190 காட்டியது. பெட்டிக்குத் தனியாம், நெரிசலுக்குத் தனியாம், விமான நிலைய வரி வேறாம். வாக்குவாதம் செய்தேன். டிக்கி பூட்டியே இருந்தது, பெட்டி உள்ளே. இன்னும் அரை மணியில் என் அமர்வு. கார்டைத் தேய்த்தேன். ரசீது கேட்டதற்கு, மின்னஞ்சலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

இந்த ஆட்களுக்குச் சுற்றுலாப் பயணியைவிட மாநாட்டுக்கு வருபவர்தான் நல்ல வேட்டை என்று எனக்குத் தோன்றுகிறது. நேரத்துக்குப் போயாக வேண்டும். காசு அலுவலகம் தரும் என்ற தெம்பும் இருக்கும். பெரிய மாநாடு எந்த வாரம், எங்கே என்பது அவர்களுக்கு அத்துப்படி.

முறைப்படி எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் டாக்ஸிகளுக்கு விமான நிலையக் கட்டணம் 2016-லிருந்தே நிலையானது. நான் போன 2025-இல், சார்ல் து கோலிலிருந்து சென் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. போர்த் மையோ வலக்கரை. இரவோ பகலோ, நெரிசலோ இல்லையோ, எத்தனை பெட்டியோ, அதே தொகைதான். ஐந்தாவது ஆள் ஏறினாலோ, முன்பதிவு செய்தாலோ மட்டும் கொஞ்சம் கூடும். உண்மையான டாக்ஸியின் கூரையில் 'டாக்ஸி பாரிசியன்' விளக்கு இருக்கும். காலியாக இருந்தால் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. அது முனையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும். உள்ளே வந்து யாரையும் கூப்பிடாது. கார்டு வாங்கியே ஆக வேண்டும், 25 யூரோவும் அதற்கு மேலும் ஆனால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். இது சட்டம். தனியார் வாடகைக் கார்களும் முன்பதிவு இருந்தால்தான் ஏற்றலாம்; நின்று ஆள் பிடிப்பது குற்றம்.

ஊர் திரும்பி வங்கியில் புகார் கொடுத்தேன். ரகசிய எண் போட்டு நீங்களே செலுத்தியதால் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில். கணக்குப் பிரிவோ ரசீது இல்லாமல் ஒரு பைசா தராது. வண்டி எண்ணைப் படம் எடுத்திருந்தால் பாரிஸ் காவல்துறையிடமாவது போயிருக்கலாம். பெட்டியைக் கையில் வாங்கிய மறுநொடியே வண்டி கிளம்பிவிட்டது.

ஒரு மாலை சாப்பிட லாச்சப்பல் போனேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நம்மவர் கடைத்தெரு. கடைக்கார அண்ணனிடம் கதையைச் சொன்னால் அவர் ஆச்சரியமே படவில்லை. "தம்பி, உள்ளுக்கு வந்து கூப்பிடுறவன் ஒருத்தனும் டக்சிக்காரன் இல்லை. கார் து நோர்லயும் கவனம், மெசினுக்குப் பக்கத்தில நிண்டு ரிக்கெற் எடுத்துத் தாறன் எண்டு வருவாங்கள்" என்றார். அவர் சொன்னது எங்கள் குழுவில் ஒருவருக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. பயணச்சீட்டு இயந்திரத்தின் முன் தடுமாறிக்கொண்டிருந்தவருக்கு "உதவி" செய்து, நோட்டை வாங்கிக்கொண்டு சிறுவர் பயணச்சீட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பரிசோதகரிடம் அபராதம் கட்டியது பெரியவர்தான்.

ரயிலில் போவது ஒன்றும் கஷ்டமில்லை. விமான நிலையப் பயணச்சீட்டு 2025-இல் 13 யூரோவாக இருந்தது. ஆர்.இ.ஆர். பி-யில் கார் து நோர், அங்கேயே சுரங்க வழியாக நடந்து மஜென்தா நிலையம், அங்கிருந்து ஆர்.இ.ஆர். இ நேராகப் போர்த் மையோ. இந்த நீட்டிப்பு 2024 மே மாதம்தான் திறந்தது, அதனால் பழைய பயணக் குறிப்புகளில் இருக்காது. ஒரே சீட்டு போதும். வேலைநிறுத்தமா இல்லையா என்பதை நிலையத்தின் அறிவிப்புத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊருக்குள் சுற்றும் சாதாரணச் சீட்டை (2025-இல் 2.50 யூரோ) வைத்துத் திரும்பும்போது விமான நிலையம் போய்விடாதீர்கள். மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் இப்போது எல்லா இடத்துக்கும் அது செல்லும், விமான நிலையத்துக்கு மட்டும் செல்லாது. வெளியேறும் வாசலிலேயே பரிசோதகர்கள் நிற்பார்கள்.