நியூ எச்டிஎம்எல் செக்கர்: இலவசம், கறார், கொஞ்சம் தொணதொணப்பு

திறமூல இயங்குதளம் ஒன்றின் இணையதளத்தில் எச்டிஎம்எல் டேக் பிழைகளைத் திருத்திக் கொடுப்பது என் ஓய்வுநேர வேலை. டேக் என்பது, இது பத்தி, இது பட்டியல் என்று பிரவுசருக்குச் சொல்ல < > குறிகளுக்குள் எழுதும் குறியீடு. எந்த இயங்குதளம் என்று சொல்லப்போவதில்லை. அத்தனை பக்கங்களையும் சம்பளமில்லாமல் பராமரிக்கிறவர்களைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். எழுத வந்தது அந்த வேலைக்கு நான் பயன்படுத்தும் கருவியைப் பற்றி: இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளத்தில் இருக்கும், டேக் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் நியூ எச்டிஎம்எல் செக்கர்.

"ஏண்ணே, உடைஞ்ச பக்கத்தையும் பிரவுசர் ஒப்பேத்திக் காட்டிடுதே, அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்பான் என் தம்பி. கேள்வி நியாயமானதுதான். பிரவுசர் ஒப்பேற்றத்தான் செய்கிறது. எதைத் தொலைத்துவிட்டு ஒப்பேற்றுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இயங்குதளத்தின் உதவிப் பக்கம் என்றாலே கமாண்டுகள்தான். 'இந்த இடத்தில் உங்கள் டிஸ்கின் பெயரைப் போடுங்கள்' என்று காட்ட, எழுதியவர் டிஸ்க் என்ற சொல்லைக் கூர் அடைப்புக்குறிக்குள் (< >) வைக்கிறார். அந்தக் குறிகளை எச்டிஎம்எல்லுக்கு ஏற்ற வடிவில் எழுத மறந்துவிடுகிறார். பிரவுசர் அதை ஏதோ தனக்குத் தெரியாத டேக் என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். திரையில் மிஞ்சுவது பாதிக் கமாண்ட். சி மொழி உதாரணங்களில் 'இன்க்ளூட்' மட்டும் நிற்கும், பக்கத்தில் அதே குறிகளுக்குள் எழுதிய ஹெடர் கோப்பின் பெயர் இருக்காது. பழகிய ஆள் ஊகித்துக்கொள்வார். முதன்முதலாக லினக்ஸ் போட உட்கார்ந்தவர் அதை அப்படியே காப்பி செய்து ஒட்டி, வருகிற எரரைப் பார்த்துத் தனக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இங்கே இந்தக் கருவி பிரமாதம். இப்படி ஓர் எலிமென்ட் இந்த இடத்தில் வரக்கூடாது, அதை மூடவும் இல்லை என்று வரி எண்ணோடு சொல்லி, அந்தத் துண்டையும் மஞ்சளில் காட்டிவிடும். பக்கத்தின் முகவரியைக் கொடுக்கலாம், கோப்பை ஏற்றலாம், நேரடியாக ஒட்டலாம்.

அதன் பேச்சை நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. இதற்குள் இருக்கும் பார்சர் (டேக்குகளைப் படித்துப் பிரிக்கும் பகுதி) ஹென்ரி சிவோனென் ஜாவாவில் எழுதியது. அதையே சி++ ஆக மாற்றித்தான் 2011-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-க்குள் வைத்தார்கள். ஆகவே பிழையான டேக்கைப் பார்த்து இது என்ன முடிவுக்கு வருகிறதோ, ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் பிரவுசரும் வருகிறது. பத்தி டேக்குக்குள் பட்டியல் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பட்டியல் தொடங்கிய உடனே பத்தி தானாக மூடிக்கொள்ளும். பட்டியலுக்குப் பிறகு வரும் வாக்கியம் எந்தப் பத்தியிலும் சேராமல் அநாதையாக நிற்கும், பத்திக்குக் கொடுத்த ஸ்டைல் அதற்குக் கிடைக்காது. கடைசியில் எழுதியவர் போட்ட மூடும் டேக்குக்கு மூட எதுவும் இல்லாததால், வெற்றுப் பத்தி ஒன்று புதிதாகப் பிறக்கும். திறந்த பத்தியே இல்லாமல் மூடும் டேக் வந்திருக்கிறது என்று செக்கர் சொல்வதைப் பார்த்து அந்த மூடும் டேக்கை மட்டும் அழித்தால் செக்கர் வாயை மூடிக்கொள்ளும், பக்கம் சரியாகாது. பிழை அங்கே இல்லை, நாலு வரி மேலே இருக்கிறது.

இதே சிக்கலின் பெரிய வடிவம் டெம்ப்ளேட், அதாவது பல பக்கங்களை வார்த்துத் தரும் பொது அச்சு. செக்கர் சொல்லும் வரி எண், உருவாகி வந்த எச்டிஎம்எல் பக்கத்தின் வரி. நாம் திருத்த வேண்டிய மூலக்கோப்பு வேறு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இணையப் பக்கங்கள் டபிள்யூஎம்எல் என்ற பழைய மொழியில் எழுதப்பட்டு, ஒன்பது கட்டங்கள் கடந்து எச்டிஎம்எல்லாக வருகின்றன. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளம் 2021-இல் தன் ஆவணங்களை டாக்புக் என்ற எழுத்து வடிவத்திலிருந்து அஸ்கிடாக்டர், ஹியூகோ என்ற கருவிகளுக்கு மாற்றியது. இப்படிப்பட்ட தளங்களில் 412-ஆம் வரி என்று செக்கர் சொன்னால், மூலக்கோப்பில் மொத்தமே அறுபது வரிகள்தான் இருக்கும். ஒரே பிழை எல்லாப் பக்கங்களிலும் வந்தால் ஃபுட்டரையோ மெனுவையோ சந்தேகப்படுங்கள். அங்கே ஒரு வரியைத் திருத்தினால் ஆயிரம் பக்கங்கள் ஒரே நாளில் சுத்தமாகும். இந்த வேலையில் கிடைக்கும் ஒரே போதை இது.

ஆங்கிலப் பக்கம் சுத்தமாக இருந்து, ஒரு மொழிபெயர்ப்பில் மட்டும் பிழை வருவதும் உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசிக்குப் போகிறது. வாக்கியத்தைத் திருப்பிப் போடும்போது லிங்க் டேக்கும் தடித்த எழுத்து டேக்கும் ஒன்றுக்குள் ஒன்று இல்லாமல் குறுக்கே போய்விடும். செக்கர் இதைக் கச்சிதமாகப் பிடிக்கிறது. டெபியனில் மொழிவாரியாகவே சோதனை ஓட்டிப் பிழைப் பட்டியலை வெளியே வைக்கிறார்கள், நல்ல ஏற்பாடு.

இனி தொணதொணப்பு. சுயமாக மூடும் டேக்குகளின் கடைசியில் சாய்கோடு போடும் பழக்கம், எச்டிஎம்எல்லின் கறாரான பழைய வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் காலத்தது. அதனால் பயனில்லை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தகவல் வரி வரும். பழைய பக்கம் ஒன்றைக் கொடுத்தால் திரை முழுக்க இதுவே ஓடி, விழுங்கப்பட்ட கமாண்ட் அடியில் எங்கோ புதைந்து கிடக்கும். வடிகட்டும் பொத்தான் இருக்கிறது. முதலில் அதை அமுக்குங்கள்.

அதைவிட முக்கியம், அந்த வரிகளைத் திருத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். டெபியன் தளத்தில் ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பும் எந்த ஆங்கிலக் கமிட்டை (சேமித்து வைத்த திருத்தப் பதிவை) பார்த்து மொழிபெயர்க்கப்பட்டது என்று தலையில் குறித்து வைத்திருக்கும். ஆங்கிலத்தில் ஒரு சாய்கோட்டை அழித்தாலும், மற்ற மொழிகள் எல்லாம் பழசாகிவிட்டதாகக் கணக்கு காட்டும். எங்கோ ஒரு மொழிபெயர்ப்பாளர் திறந்து பார்த்து, ஒன்றுமே மாறவில்லையே என்று தலையைச் சொறிவார். இதைச் சமாளிக்க எல்லா மொழிக் கோப்புகளிலும் திருத்தத்தைச் செய்து தலைக்குறிப்பையும் சேர்த்து மாற்றும் பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. வாசகருக்கு ஏதாவது தொலைந்திருந்தால் மட்டும் அதைக் கையில் எடுப்பது என் வழக்கம். ஒரே ஐடி (பக்கத்தில் ஓர் இடத்துக்கு வைத்த பெயர்) இரண்டு இடத்தில் இருந்து லிங்க் தவறான இடத்துக்குத் தாவினால் திருத்துவேன். படத்துக்கு மாற்று வாசகம் இல்லையென்றால் திருத்துவேன். சாய்கோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

டைடி என்ற இன்னொரு கருவியை யோசிப்பவர்களுக்கு: டேவ் ராகெட் தொடங்கியது, வேகமானது, பிழையைத் தானே திருத்தியும் கொடுக்கும். அந்தத் தானே திருத்தும் வசதியை டெம்ப்ளேட் கோப்பில் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது பார்ப்பது பாதி எச்டிஎம்எல், மீதியைத் தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிவிடும்.

நியூ செக்கருக்கு ஐந்துக்கு நாலு தருவேன். நிறையப் பக்கம் பார்க்கிறவர்கள் இணையச் சேவையைத் தொந்தரவு செய்யாமல், செக்கரின் ஜார் கோப்பை (ஜாவா நிரல் பொதி) இறக்கிச் சொந்தக் கணினியில் ஓட்டுங்கள். ஜாவா இல்லாதவர்களுக்கு ஜாவாவையும் உள்ளே வைத்தே தனிப் பொதியாகத் தருகிறார்கள். பிழைகளை மட்டும் காட்டு என்று சொல்லி முழு டைரக்டரியையும் கொடுத்துவிட்டு, வருவதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பேட்ச் (திருத்தத் தொகுப்பு) அனுப்பும்போது ஒரு கமிட்டில் ஒரே வகைப் பிழை. பராமரிப்பவருக்கும் படித்துப் பார்க்க நேரம் வேண்டாமா?