காப்பீட்டு அட்டை: ஆபரேஷனுக்கு கை குடுக்குது, மாசாமாசம் மாத்திரைக்கு? எங்க வீட்டு அனுபவம்

2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்தப்பவே எங்க வீட்ல அட்டை எடுத்துட்டோம். 2012ல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமா மாறுச்சு, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்தும் இதோட சேர்ந்துச்சு, இப்போ குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். இத்தனை வருஷம் யூஸ் பண்ணவங்க சொன்னா புதுசா எடுக்குறவங்களுக்கு உதவும்னுதான் எழுதுறேன்.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிச்சு வைக்கிற சின்ன குழாய்) வெச்சது இந்த அட்டையிலதான். தனியார் ஆஸ்பத்திரி, அட்டை மட்டும் இல்லன்னா அம்மா நகையை அடகு வெச்சிருப்போம், வட்டி கட்டியே பாதி ஆயுசு போயிருக்கும். அப்ரூவல் வர்ற வரைக்கும் எடுத்த எக்கோ, ரத்த டெஸ்டுக்கெல்லாம் கையில காசு வாங்கினாங்க, அப்புறம் திருப்பி கேட்டா சரியான பதில் இல்ல, அது வருத்தம்தான். ஆனா ஆளு நல்லபடியா வீட்டுக்கு வந்தாரு, அதுக்கு இந்த திட்டத்தை கொண்டு வந்தவங்க எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வேணும்.

பிரச்சனை டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, கொழுப்புக்கு, பிரஷருக்குன்னு வருஷக்கணக்கா ஓடும், இடையில செக்கப், ஈசிஜி. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி டிஸ்சார்ஜ் ஆனதுல இருந்து 15 நாள் வரைக்கும்தான் மருந்து, டெஸ்ட் செலவு சேரும், ஓபிக்கு, அதாவது அட்மிட் ஆகாம பாக்குற வைத்தியத்துக்கு, கிடையாது. அப்போ 16வது நாள்ல இருந்து? ஜிஎச்ல ஃப்ரீயா கிடைக்கும், கிடைக்கலன்னு சொல்ல மாட்டேன், ஆனா காலையிலயே போய் ஓபி சீட்டு வாங்கி டாக்டரை பாத்து மருந்து கவுண்டர் வரிசையில நின்னு வர்றதுக்குள்ள அன்னைக்கு கூலி போச்சு, கூட போற என் சம்பளமும் போச்சு. சில தடவை ஒரு மாத்திரை ஸ்டாக் இல்ல வெளிய வாங்கிக்கோங்கன்னுடுவாங்க. அப்பா ஒரு கட்டத்துல எங்களுக்கு தெரியாம ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பிச்சாரு, காசு மிச்சம் பண்றாராம். அன்னைக்கு எனக்கு வந்த பயம் இருக்கே, ஸ்டென்ட் வெச்ச அன்னைக்கு கூட அப்படி வரல.

அம்மாவுக்கு சுகர், பிரஷர். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்சாங்கல்ல, அதுல எங்க தெருவுக்கு வர்ற அக்கா வீட்லயே பிரஷர் பாத்து சுகர் டெஸ்ட் எடுத்து மாத்திரையும் குடுத்துட்டு போறாங்க, அம்மா ஒரு நாள் கூட விட்டதில்ல. ஒரே வீடு, ரெண்டு பேருக்குமே சாகுற வரைக்கும் மாத்திரை, ஒருத்தருக்கு வாசல்ல வருது, இன்னொருத்தரு அதை எண்ணி எண்ணி போடுறாரு.

என்னைக் கேட்டா நாடு முழுக்க மாத்த வேண்டியது இதைத்தான். பெட்ல படுத்தா 5 லட்சம் தர்ற அரசாங்கம் படுக்காம இருக்குறதுக்கு ஆகுற சில ஆயிரத்தையும் தரணும். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நம்ம மொத்த மருத்துவச் செலவுல 39.4 சதவீதம் ஜனங்க கையில இருந்து போகுது, 2013-14ல 64 சதவீதமா இருந்துச்சு, குறைஞ்சது சந்தோஷம்தான், இன்னும் ரொம்ப அதிகம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில மருத்துவத்துக்கான அரசு செலவு 2025க்குள்ள ஜிடிபில (நாட்டோட மொத்த உற்பத்தியில) 2.5 சதவீதம் ஆகணும்னு எழுதினாங்க, 2021-22ல 1.84தான். காசு இல்லங்கிறதால யாருக்கும் வைத்தியம் கிடைக்காம போகக்கூடாதுன்னு நாட்டோட சுகாதாரத்தை ஆராய்ஞ்ச போர் (Bhore) கமிட்டி 1946லயே சொல்லியாச்சு. தாய்லாந்துல 2002ல நாடு பூரா கொண்டு வந்த 30 பாட் (பாட்ங்கிறது அவங்க ஊரு காசு) மருத்துவத் திட்டத்துல ஓபி, மருந்து எல்லாமே சேர்த்திதான், அவங்களும் அப்போ பணக்கார நாடு இல்லையே.

ஆரம்ப சுகாதார நிலையத்துல சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றவங்களுக்கும் டாக்டர் இருக்கணும், ஸ்டென்ட் வெச்சவங்க, ஸ்ட்ரோக் வந்தவங்க மாத்திரையும் வீடு தேடி வரணும், டெஸ்ட் செலவு அட்டையில ஏறணும்.

புதுசா அட்டை எடுக்குறவங்களுக்கு: குடும்பத்தோட வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு கவுண்டர்ல குடுங்க. 70 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு 2024ல இருந்து ஆயுஷ்மான்ல வருமான வரம்பு கிடையாது. அட்மிட் ஆன உடனே அட்டையை காட்டுங்க, கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் கேட்டு வாங்குங்க, சந்தேகம்னா 104க்கு (அரசு மருத்துவ உதவி எண்) போன் பண்ணுங்க.