பெயின்ட் அடித்த டார்கெட் ஸ்டாண்டை அப்படியே வாங்காதீர்கள்

சேலம் பக்கம் ஏர் ரைபிள் பயிற்சி நடத்துகிறவர்கள், பள்ளியில் ரைபிள் பிரிவு தொடங்க நினைக்கிற பி.டி. மாஸ்டர்கள், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிற பெற்றோர் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். மரத்தில் டார்கெட் ஸ்டாண்டு, அதாவது குறி அட்டையைப் பிடித்து நிற்கும் தாங்கி, செய்து தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் எங்கள் கிளப் பணம் போனது. பணத்தை விடுங்கள். சுட்ட பெல்லட் (ஈயக் குண்டு) ஒன்று திரும்பி வந்து, சுட்டுக்கொண்டிருந்த பெண் பிள்ளையின் காலடியில் விழுந்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ரேஞ்ச் (சுடுதளம்) கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். வார இறுதியில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி கொடுக்கிறோம், கோடையில் ஏற்காட்டில் முகாம் போடுகிறோம். அதனால் ஸ்டாண்டு கழற்றி ஆம்னி வேனில் ஏற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். நாங்கள் கேட்டதும் எளிமையானதுதான். தரையில் உட்காருகிற கனமான அடிக்கட்டை, அதில் இரண்டு காடி (செதுக்கிய பள்ளம்), காடியில் செருகி எடுக்கும்படி ஓர் இன்ச் கனம், இரண்டு இன்ச் அகலத்தில் இரண்டு ரீப்பர் (நீளச் சட்டம்), ரீப்பர்களுக்கு நடுவே அட்டை. மரம் நன்றாகக் காய்ந்த பைன். போல்ட், நட் எல்லாம் தரையை ஒட்டிய அடிக்கட்டையில் மட்டும். ரீப்பரில் ஓர் ஆணிகூட இருக்கக் கூடாது, இரும்பில் பட்டால் பெல்லட் திரும்பி வரும். இத்தனையும் வாட்ஸ்அப்பில் எழுதி, படமும் வரைந்து அனுப்பினோம். 'சரிங்கண்ணா, செஞ்சுடலாம்' என்று பதில் வந்தது. பாதிப் பணம் முன்பணமாகப் போனது.

பச்சை எனாமல் பெயின்ட் பளபளக்க ஸ்டாண்டுகள் வந்து இறங்கின. பார்க்க அழகுதான். தூக்கினால் கனம் கனத்தது, அதைக் கேட்டதற்கு 'உறுதியான மரமுங்கண்ணா' என்றார். மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சேலத்து மே மாத வெயிலில் ஒரு வாரம் தாங்கவில்லை. ரீப்பர்கள் வில்லாக வளைந்தன, சில முறுக்கிக்கொண்டன. காடியில் இறுக்கமாக நின்றவை லொடலொடவென்று ஆடின. இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிப்படி 10 மீட்டர் போட்டியில் டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், ஏற்றத்தாழ்வு 5 சென்டிமீட்டருக்குள். ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. மின்விசிறிக் காற்றுக்கு ஆடுகிற அட்டையில் அந்தப் பொட்டைத் தேடிச் சுட்டால் பிள்ளைக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிடும். மூச்சு சரியில்லையோ, பிடி சரியில்லையோ என்று ஒரு பெண் குழம்பி அழுததை மறக்க முடியாது. தப்பு மரத்தில் இருந்தது.

பெல்லட் திரும்பியது அதற்கடுத்து நடந்தது. சுட்ட சத்தத்தோடு 'டங்' என்று இன்னொரு சத்தம். ஈயம் நசுங்கித் தட்டையாகத் தரையில் கிடந்தது. யாரையும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடும் கோட்டில் நிற்க விடுவதில்லை என்பதால் மனம் ஓரளவு ஆறியது. உடனே பயிற்சியை நிறுத்திவிட்டு பெயின்டைச் சுரண்டினோம். அட்டை நிற்கிற உயரத்திலேயே, ரீப்பர் வளையாமல் இருக்க ஓர் இரும்புப் பட்டையை முன்பக்கம் அடித்து, ஆணித் தலைகளின்மேல் பட்டி பூசி, அதற்குமேல் எனாமல் அடித்திருந்தார். மரம் வளையும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தேதான் இரும்பை ஒளித்திருக்கிறார். எதற்காக அங்கே ஆணி வேண்டாம் என்றோம் என்பதும் எழுத்தில் இருக்கிறது.

தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். பெயின்டுக்குள் இருந்தது பைன் இல்லை, சில்வர் ஓக். அறுப்பில் தெரிகிற வலைப்பின்னல் போன்ற பூவைப் பார்த்தே சொல்லிவிட்டார். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்து, மிளகுக் கொடி ஏற்றுவார்களே, அந்த மரம். அதைக் குறை சொல்லவில்லை, காய வைத்தால் நல்ல மரம்தான். ஆனால் இது வெட்டி இறக்கிய பச்சை மரம். ஓர் இன்ச் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது மரவாடிகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

போன் செய்தோம். 'பெயின்ட் அடிச்சுட்டா எல்லா மரமும் ஒண்ணுதானுங்கண்ணா' என்றார். அப்புறம் எடுப்பதே இல்லை. தந்தது ஜி.எஸ்.டி. பில் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதிய எஸ்டிமேட். ஆனாலும் வாட்ஸ்அப் பேச்சும் ஜிபே பதிவும் எங்களிடம் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். சரியாகவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இப்படி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து விடாதீர்கள்.

இனி ஸ்டாண்டு செய்யக் கொடுப்பவர்கள் பெயின்ட் அடிக்காத வெறும் கட்டையாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். பெயின்ட் நம் இடத்தில், நாம் பார்த்த பிறகுதான். ஒரு ரீப்பரை எடைபோட்டு எழுதிவைத்துவிட்டு சில நாள் கழித்து மறுபடி போடுங்கள், எடை இறங்கிக்கொண்டே போனால் மரம் காயவில்லை. அறுத்த முனையில் கை வைத்தால் குளிர்ச்சி தெரிவதும் ஈரத்தின் அடையாளம். ஏற்கெனவே பெயின்ட் அடித்து வாங்கியவர்கள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ரீப்பர் முழுக்க ஓட்டிப் பாருங்கள், இரும்பு இருந்தால் கவ்வும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ பெரும்பாலும் கவ்வாது, அதற்குப் பட்டி பூசிய வட்டத் தடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் தேட வேண்டும். தேக்கு, வேங்கை மாதிரி வைரம் பாய்ந்த மரத்தையும் அட்டை உயரத்தில் வைக்காதீர்கள், அதுவும் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும்.

ஸ்டாண்டின் வேலை அட்டையைப் பிடிப்பது மட்டும்தான். பெல்லட்டை நிறுத்தப் பின்னால் சாய்வான தகடு வைத்த ட்ராப் தனியாக வேண்டும். 'பின்பலகையே போதும்' என்று ஸ்டாண்டு விற்றவர் எங்களிடமும் சொன்னார். அதை மட்டும் அன்றே மறுத்துவிட்டோம்.

இப்போது அந்த ஆசாரியே பழைய பேக்கிங் பெட்டிப் பைனில் ரீப்பர் இழைத்துத் தந்திருக்கிறார். குண்டு பட்டுச் சிதைந்தால் ரீப்பரை மட்டும் உருவி மாற்றிவிடலாம். பழைய ஸ்டாண்டுகளை ஆதாரத்துக்காக அப்படியே வைத்திருக்கிறோம். பச்சை எனாமல் அடித்த ஸ்டாண்டு உங்கள் ஹாலிலும் இருந்தால், அடுத்த பயிற்சிக்கு முன்னால் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.