டங்ஸ்டன் என்று சொல்லி எவர்சில்வர் கம்பியைத் தலையில் கட்டிவிட்டார்கள்

அயனி மொபிலிட்டி ஸ்பெக்ட்ரோமீட்டர் (அயனிகள் வாயுவில் நகரும் வேகத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி) கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பிராட்பரி-நீல்சன் கேட் தேவைப்பட்டது. அந்தக் கருவியில் அயனிகளைத் திறந்துவிட்டும் தடுத்தும் வைக்கிற கதவு அது. 1936-லிருந்து புழக்கத்தில் இருக்கும் அமைப்புதான். ஒரே தளத்தில் மெல்லிய கம்பிகள் வரிசையாக நிற்கும்; ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு செட். இரண்டிலும் ஒரே மின்னழுத்தம் என்றால் அயனிகள் கடந்து போகும். ஒன்றுக்கு பிளஸ், இன்னொன்றுக்கு மைனஸ் கொடுத்தால் விலகிக் கம்பியில் மோதி நின்றுவிடும்.

அலுமினா என்ற பீங்கான் சட்டத்தில் 20 மைக்ரான் டங்ஸ்டன் கம்பி, அரை மில்லிமீட்டர் இடைவெளி என்று, செய்து தருகிற ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்தோம். கம்பி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். பொருள் வந்தது. டிரிஃப்ட் குழாயை, அதாவது கேட்டோடு சேர்ந்த, அயனிகள் ஓடும் குழாயை, 100 டிகிரிக்கு மேல் சூடாக்கியதும் இரண்டு செட்டுக்கும் இடையே ஷார்ட். ஆறினால் சரியாகிவிடும்! "இங்கே டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்பினோம், உங்க பவர் சப்ளையைப் பாருங்க" என்றே சாதித்தார்கள்.

கூடவே அனுப்பியிருந்த மிச்சக் கம்பியில் 10 சென்டிமீட்டரை அளந்தோம். அந்தத் தடிமனில் டங்ஸ்டன் என்றால் 18 ஓம் போல இருக்க வேண்டும். மீட்டர் 200-ஐத் தாண்டியது. அது எவர்சில்வர். டிகிரிக்கு டங்ஸ்டன் மில்லியனில் 4.5 பங்கு விரியும், அலுமினா 7 பங்குக்குச் சற்று மேல். அதனால் சூட்டில் டங்ஸ்டன் இன்னும் விறைப்பாகும். எவர்சில்வரோ 17 பங்கு விரிந்து தொய்கிறது. கண்டாங்கித் தறியில் பாவு நூல் தொய்ந்தால் நெசவு கெடும். இங்கே ஒரு கம்பி தொய்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டாலே மொத்தக் கேட்டும் போச்சு.

ஓம் கணக்கை அனுப்பிய பிறகு போனை எடுப்பதே இல்லை. ஓர் ஆய்வு மாணவியின் வேலை இதனால் அப்படியே நிற்கிறது. எனக்கு ஆத்திரம் பணத்தைவிட அதில்தான்.

யாரிடம் கொடுத்தாலும் அதே சுருளிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை முதலில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டை வேலை செய்யும் சூட்டில் வைத்து, இரண்டு செட்டுக்கும் இடையே 250 வோல்ட் மெக்கரில் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். அறைச் சூட்டில் எடுத்த மல்டிமீட்டர் போட்டோவை நம்பவே நம்பாதீர்கள். எங்களுக்கும் அதைத்தான் அனுப்பினார்கள்.