ஓய்வுக்காலச் சேமிப்பை நெறிசார் நிதிக்கு மாற்றலாமா? மூன்று கணக்குகள், மூன்று விடைகள்

என் பெரியப்பா 55 வயதில் சிங்கப்பூரின் மத்திய சேமநிதியிலிருந்து (சுருக்கமாக மசே நிதி) எடுத்த பணத்தில் பெரும்பகுதி இரண்டு ஆண்டுகளுக்குள் சூதாட்ட மேசைகளில் கரைந்துபோனது. அதன்பின் பெரியம்மா 11 ஆண்டுகள் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துத்தான் வீட்டை நடத்தினார். என் சேமிப்பில் ஒரு வெள்ளிகூடச் சூதாட்டத் தொழிலுக்கு முதலாகிவிடக்கூடாது என்ற பிடிவாதம் அந்த வீட்டிலிருந்து வந்தது. எனக்கு இப்போது 52 வயது. ஓய்வுக்காலத்திற்கென்று சேர்த்ததை, மனச்சாட்சிக்கு ஒவ்வாத தொழில்களைத் தவிர்க்க முயலும் நெறிசார் முதலீட்டு நிதிகளுக்கு மாற்றலாமா என்று சில மாதங்களாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும், சிங்கப்பூரில் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

முதலில் மசே நிதி. நாம் மாதந்தோறும் செலுத்தும் சந்தா எந்த நிறுவனத்தின் பங்கையும் நம் பெயரில் வாங்குவதில்லை. மசே நிதிக் கழகம் அதை அரசாங்கத்தின் சிறப்புக் கடன்பத்திரங்களில் போடுகிறது. அரசாங்கம் அப்பணத்தைத் தன் மற்ற நிதிகளோடு சேர்த்து நிர்வகிக்க, அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசி அதை உலகச் சந்தைகளில் முதலீடு செய்கிறது. அங்கே லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் நமக்குரிய வட்டியை அரசாங்கம் தந்தாக வேண்டும். இதனால் உறுப்பினருக்குச் சந்தை அபாயம் இல்லை. எந்தத் தொழிலுக்குப் பணம் போகலாம் என்று சொல்லும் வழியும் அவருக்கு இல்லை. கடன் கொடுத்தவரின் நிலைதான் நமது நிலை: வட்டி கேட்கலாம், கடையில் என்ன விற்க வேண்டும் என்று கேட்க முடியாது.

மசே நிதிக்குள் சாதாரணக் கணக்கு, சிறப்புக் கணக்கு என்ற பிரிவுகள் உண்டு. சாதாரணக் கணக்கிலுள்ள பணத்தில் முதல் 20,000 வெள்ளியை விட்டுவிட்டு மீதியை மசே நிதி முதலீட்டுத் திட்டத்தின்வழி நிதிகளில் போடலாம். 2020 அக்டோபரிலிருந்து இத்திட்டத்தில் விற்பனைக் கட்டணம் கிடையாது. ஆலோசனைச் சேவைக்கான ஆண்டுக் கட்டணமும் 0.4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் நிதியின் சொந்தச் செலவு இருக்கவே செய்கிறது. அது ஆண்டுக்கு 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 1.9. அதாவது, சும்மா விட்டாலே கிடைக்கும் 2.5 விழுக்காட்டை எட்டிப்பிடிக்க மட்டும் அந்த நிதி செலவுக்கு முன் 4.4 விழுக்காடு ஈட்டியாக வேண்டும். ஒரு லட்சம் வெள்ளி சாதாரணக் கணக்கில் 15 ஆண்டுகள் இருந்தால் ஏறத்தாழ 144,800 வெள்ளியாகும். நிதி, செலவு போக 4.5 விழுக்காடு தந்தால் அது 193,500 வெள்ளி. 1 விழுக்காடுதான் தந்தால் 116,100. இந்த இடைவெளியைத் தாங்கும் வயதும் மனமும் இருப்பவருக்கு இது யோசிக்கத்தக்க மாற்றம். வீட்டுக் கடன் தவணை இன்னும் அக்கணக்கிலிருந்து போகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சிறப்புக் கணக்கைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அங்கே தற்போது 4 விழுக்காடு கிடைக்கிறது. முதல் 40,000 வெள்ளியை முதலீட்டுக்குத் தொட முடியாது. அபாயம் அதிகமான பங்கு நிதிகளுக்கு அங்கே இடமும் இல்லை. 55 வயதானோரின் சிறப்புக் கணக்கு 2025 ஜனவரியிலிருந்து மூடப்பட்டு, பணம் ‘முழு ஓய்வுக்காலத் தொகை’ என்ற வரம்பு வரை ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகிறது. வாழ்நாள் முழுவதும் மாதத்தொகை தரப்போகும் அந்தப் பணத்தை அசைக்காமல் விடுவதே சரி என்பது என் உறுதியான முடிவு.

எஸ்ஆர்எஸ் எனப்படும் துணை ஓய்வுக்காலத் திட்டத்தில் நிலைமை தலைகீழ். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஆண்டுக்கு 15,300 வெள்ளி வரை செலுத்தி வரிச் சலுகை பெறலாம். பலர் டிசம்பர் மாதக் கடைசியில் அவசரமாகச் செலுத்திவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். முதலீடு செய்யாமல் கிடக்கும் பணத்துக்கு 0.05 விழுக்காடுதான் வட்டி. முழு 15,300 வெள்ளிக்கும் ஆண்டுக்கு 7 வெள்ளி 65 காசு. முதல் முறை பணம் செலுத்தியபோது நடப்பிலிருந்த ஓய்வு வயதுக்கு முன் எடுத்தால் 5 விழுக்காடு தண்டமும் முழு வரியும் உண்டு. ஆகவே இது நீண்ட காலம் அசையாமல் இருக்கும் பணம். கைவிடுவதற்கு இங்கே உத்தரவாத வட்டி எதுவுமில்லை. நெறிசார் நிதிக்குப் பணம் தேடுகிறவர் முதலில் திறக்க வேண்டிய கணக்கு இதுதான்.

இனி, எந்த நிதி? செலவு குறைவான வழி, சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டைப் பின்பற்றும் இடிஎஃப், அதாவது பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி. ஆனால் அக்குறியீட்டின் 30 நிறுவனங்களில் சூதாட்டக் கூடம் நடத்துவதும் மதுபானம் விற்பதும் இடம்பெற்று வந்துள்ளன. தற்காப்புத் தளவாடங்கள் செய்யும் எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனமும் அதில் உண்டு. நார்வே நாட்டின் அரசு நிதி கண்ணிவெடி காரணமாக 2002இல் அதை விலக்கி வைத்தது. அந்நிறுவனம் 2015இல் கண்ணிவெடியும் கொத்துக்குண்டும் தயாரிப்பதில்லை என்று அறிவித்த பிறகுதான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. விலக்குவதும் சேர்ப்பதும் காரணத்தோடு நடக்கும்போது ஒரு நிறுவனம் மாறுகிறது என்பதற்கு இது நம் ஊரிலேயே உள்ள சான்று.

அடுத்தது இஎஸ்ஜி நிதி, அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிறுவன நிர்வாகம் ஆகிய மூன்றையும் பார்த்து முதலீடு செய்வது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வழிகாட்டி 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது: இஎஸ்ஜி என்று பெயர் வைத்துக்கொள்ளும் நிதி, தன் சொத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை அந்த உத்திப்படியே முதலீடு செய்ய வேண்டும். சில தொழில்களை விலக்கினால் மட்டும் அந்தப் பெயர் கிடைக்காது. இது நல்ல காவல்தான். என்றாலும் மதிப்பெண் போடும் முறை நம் மனச்சாட்சியோடு ஒத்துப்போகும் என்று எண்ணிவிடக்கூடாது. 2022 மே மாதம் அமெரிக்கப் பங்குகளுக்கான எஸ்அண்ட்பி 500 இஎஸ்ஜி குறியீட்டிலிருந்து மின்கார் செய்யும் டெஸ்லா நீக்கப்பட்டது, எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மோபில் அதில் நீடித்தது. ஒவ்வொரு துறைக்குள்ளும் யார் மேல் என்று பார்த்து எடுக்கும் முறை அது. எண்ணெய்த் துறையே வேண்டுமா என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

நான் பரிசீலித்த ஒரு நிதியின் இரண்டு பக்க விவரத்தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து முதல் பத்துப் பங்குகளைப் பென்சிலால் கோடிட்டேன்: மென்பொருள், சில்லு, கடன் அட்டை, மருந்து. எல்லாம் மனத்துக்கு ஒத்தவை. பத்தும் சேர்ந்தால் நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அரையாண்டு அறிக்கையை வரவழைத்து முழுப் பட்டியலைப் படித்தபோது, 9ஆம் பக்கத்தில் இணையச் சூதாட்டத்துக்கு மென்பொருள் செய்துதரும் நிறுவனம் ஒன்று இருந்தது. விற்பனையில் 10 விழுக்காட்டுக்கு மேல் சூதாட்டத்திலிருந்து வந்தால்தான் விலக்குவோம் என்று விளக்கக் கையேட்டில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் அதுவரை படிக்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் தமிழ் முஸ்லிம் தம்பி ஒருவர்தான் மூன்றாவது வழியைக் காட்டினார். “அக்கா, உங்களுக்கு ஆகாதது சூதாட்டம் என்றால் ஷரியா நிதியைப் பாருங்கள். அதில் யார் வேண்டுமானாலும் போடலாம்,” என்றார். இஸ்லாமிய நெறிப்படி முதலீடு செய்யும் நிதி அது. சூதாட்டம், மதுபானம், பன்றி இறைச்சி, வட்டித் தொழில் நடத்தும் வங்கி ஆகியவற்றை அது விலக்குகிறது. கடன் அதிகம் சுமக்கும் நிறுவனங்களையும் தவிர்க்கிறது. தகாத வழியில் வந்த சிறு வருமானத்தையும் கணக்கிட்டு அறத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் எண்ணெய் நிறுவனங்களுக்கு அதில் தடையில்லை. 2013 ஜூனில் காட்டுத்தீயின் புகைமூட்டத்தால் சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட நாளில் ஈரத்துணியால் சன்னலை அடைத்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காடும் காற்றும் முதன்மையாக இருக்கலாம். அவர்களுக்கு இது போதாது, பருவநிலையை மையமாகக் கொண்ட நிதியே பொருந்தும். மூன்று உள்ளூர் வங்கிகளும் விலக்கப்படுவதால், பாதியளவு அவற்றாலேயே ஆன ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டைவிட ஷரியா நிதியின் போக்கு வெகுவாக வேறுபடும்.

வருமானத்தில் நெறிசார் நிதி எப்போதும் மேல் என்றோ கீழ் என்றோ சொல்வதற்கில்லை. எண்ணெய்ப் பங்குகள் ஏறித் தொழில்நுட்பப் பங்குகள் விழுந்த 2022இல் இஎஸ்ஜி நிதிகள் பல பின்தங்கின. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அதே காரணத்தால் முந்தின.

என் சிறப்புக் கணக்கை நான் தொடவில்லை. சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளிக்கு மேலிருப்பதில் கால் பங்கை மட்டும் அடுத்த ஆண்டு மாற்றலாமா என்று பார்ப்பேன். எஸ்ஆர்எஸ் பணம் முழுவதும் உலகப் பங்குகளில் போடும் ஒரு ஷரியா நிதிக்குப் போய்விட்டது. அதன் முதல் அரையாண்டு அறிக்கை வந்ததும் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவேன்.