வெப்பப் பாதுகாப்புப் பயிற்சி: வகுப்பறையிலா, கட்டுமானத் தளத்திலா?

கட்டுமான வேலைக்குப் போகவிருக்கும் மாணவர்களுக்கு வெப்பப் பாதுகாப்பை வகுப்பறையில் கற்பிப்பதா, தளத்தில் பழக்குவதா என்று தயங்கும் பயிற்றுநர்களுக்காக இந்த ஒப்பீடு.

செலவு: வகுப்பறையில் ஒருவரே பலருக்குக் கற்பிக்கலாம். தளத்தில் சிறு குழுக்கள், நிழல், குடிநீர், கூடுதல் மேற்பார்வை எல்லாம் தேவை.

அறிகுறிகளை அறிதல்: இதில் வகுப்பறையே மேல். வெப்பத் தாக்கின் (உடல் வெப்பம் அளவுகடந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை) அறிகுறிகளான பேச்சுக் குழறல், மனக்குழப்பம், தள்ளாட்டம் ஆகியவற்றை ஒருவர் நடித்துக் காட்ட, மற்றவர்கள் அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி, ஆம்புலன்ஸை அழைப்பதுவரை ஒத்திகை பார்க்கலாம். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்ற எண்ணத்தையும் இங்கேயே களைய வேண்டும். கடும் உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை வழிந்துகொண்டேயிருக்கலாம்.

பழக்கமாதல்: தாகம் எடுக்காவிட்டாலும் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துவது, தளத்தில் செய்து பார்த்தால்தான் படியும்.

உடல் வெப்பத்துக்குப் பழகுதல்: இதை எந்தப் பாடமும் ஈடுசெய்யாது. புதியவர் முதல் நாளில் வழக்கமான வேலை நேரத்தில் 20 சதவீதம் மட்டுமே வெப்பத்தில் உழைத்து, பின்னர் நாளுக்கு 20 சதவீதத்துக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் (NIOSH) பரிந்துரை. முதல் சில நாள்களே மிகவும் ஆபத்தானவை என்பதால், இதில் சிக்கனம் பார்ப்பது எனக்கு ஏற்புடையதன்று.

வேலையில் சேரப் பல மாதங்கள் இருப்பவர்களுக்கு வகுப்பறை போதும். அடுத்த வாரமே கம்பி கட்டவும் கான்கிரீட் போடவும் இறங்குபவர்களுக்குத் தளப் பயிற்சியே பொருந்தும், ஆனால் அவசர உதவி ஒத்திகையை முடித்த பிறகே அவர்களை வெயிலில் இறக்க வேண்டும்.