இறங்கும்போதும் தட்ட வேண்டும்

சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகள் போனைத் தட்டியே பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வந்தேன். பணப்பையை வீங்க வைத்திருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் போனுக்குள் ஏற்றியபோது ஒரு பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. ஆறு மாதங்களுக்கு முன் பயணத்துக்கு மட்டும் போனைத் தட்டுவதை விட்டுவிட்டேன். அதற்கு இப்போது, முன்கூட்டியே பணம் நிரப்பிப் பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டும் பழைய ஈஸிலிங்க் அட்டைதான். மற்றவையெல்லாம் போனிலேயே இருக்கின்றன.

அந்த மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பேரங்காடி, மருந்துக்கடை, காப்பிக்கடை ஆகியவற்றின் புள்ளி அட்டைகளைக் கையில் சுமக்க இனி எந்தக் காரணமும் இல்லை. மறந்துபோனால் நட்டம் சில புள்ளிகள்தான். விமான போர்டிங் பாஸும் அப்படியே. ஒரு யோசனை மட்டும்: பாஸை மின்னஞ்சலிலோ விமான நிறுவனத்தின் செயலியிலோ விட்டுவைக்காமல் ஆப்பிள் வாலட்டிலோ கூகுள் வாலட்டிலோ சேமித்துக்கொள்ளுங்கள். சேமித்த பாஸ் இணையம் இல்லாமலும் திறக்கும். வரிசையில் நின்றுகொண்டு கடவுச்சொல்லைத் தேட வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து திரும்பும்போதெல்லாம் எனக்குக் கவுண்டரில் காகிதப் பாஸும் கொடுத்துவிட்டார்கள். அதனால் போன் பாஸை மட்டும் நம்பி அங்கிருந்து கிளம்பிய அனுபவம் எனக்கு இல்லை.

பயணத்துக்கு வருவோம். வங்கி அட்டையை நேராகவோ போனில் பதிந்தோ வாயிலில் தட்டும் முறை, சிம்ப்ளிகோ என்ற பெயரில் 2019 ஏப்ரலில் இங்கே தொடங்கியது. பெரியவர்களுக்கான கட்டணம் ஈஸிலிங்க் அட்டைக்கும் இதற்கும் ஒன்றுதான். பணம் நிரப்பும் வேலை இல்லை. எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்ற கணக்கு செயலியில் வந்துவிடுகிறது. இவையெல்லாம் உண்மையான வசதிகள். இரண்டு ஆண்டுகள் நானும் அவற்றை அனுபவித்தேன்.

என் முடிவை மாற்றியது சார்ஜ். போனில் சார்ஜ் தீர்ந்தால் எல்லாமே போய்விடும் என்பது தெரிந்த கதைதானே என்று தோன்றும். ஆனால் பயண அட்டைக்கும் மற்ற அட்டைகளுக்கும் இதில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. சினிமா டிக்கெட்டை ஒருமுறை காட்டினால் போதும். இங்கே கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 2010 முதல் பஸ்ஸையும் ரயிலையும் சேர்த்து மொத்தத் தூரத்துக்கே கணக்கிடுகிறார்கள். ஆகவே ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். நடுவில் போன் அணைந்துவிட்டால், தொடங்கிய பயணத்தை முடித்துவைக்க வழியில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் பஸ் ஏறினேன். ஏறும்போது 6 விழுக்காடு சார்ஜ் இருந்தது. மழை, நெரிசல், ஊரிலிருந்து வந்த ஒரு வீடியோ அழைப்பு. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு மணியை அழுத்திவிட்டுப் போனை எடுத்தால் திரை கருப்பாகக் கிடந்தது. பின்கதவுக்கு அருகே இருக்கும் ரீடரில் மூன்று முறை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். இறங்கிவிட்டேன். தட்டாமல் இறங்கினால் அந்தப் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிக்கப்படும் என்பது விதி, பிடிக்கப்பட்டது. அடுத்து மாறிய பஸ்ஸுக்குச் சில்லறைக் காசு போட்டேன். அது தனிக் கட்டணம். பஸ் மாறுவதற்கான கட்டணச் சலுகை கிடையாது. தொகை பெரிதில்லை. ஆனால் 45 நிமிடத்துக்குள் பஸ் மாறினால் ஒரே பயணமாகக் கணக்காகும் என்ற இந்த ஊரின் அருமையான ஏற்பாடு, ஒரு போன் அணைந்ததால் எனக்கு இல்லாமல் போனது.

போனில் பதிந்திருந்த அதே வங்கி அட்டை அப்போது என் பணப்பையில் இருந்தது. அதைத் தட்டியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். தட்டினாலும் பயன் இல்லை. போன் தன் அட்டையின் உண்மையான எண்ணை ரீடருக்கு அனுப்புவதில்லை. பாதுகாப்புக்காக ஒரு மாற்று எண்ணையே அனுப்புகிறது. வாயிலைப் பொறுத்தவரை போன் ஒரு பயணி, அட்டை இன்னொரு பயணி. கைக்கடிகாரத்திலும் அதே அட்டை இருந்தால் அது மூன்றாமவர். எதைத் தட்டி ஏறினோமோ அதையே தட்டி இறங்க வேண்டும்.

ஈஸிலிங்க் அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ரீடரின் அருகே கொண்டுபோனதும் அதன் காந்தப்புலத்திலிருந்தே அட்டைக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. சிப் விழித்து, கணக்கை முடித்து, மறுபடி உறங்கிவிடும். நாள் முழுக்க அலைந்து திரும்பும் இரவு பதினொரு மணிக்கும் அது காலையில் இருந்தது போலவே வேலை செய்யும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். டோக்கியோவின் சுய்கா அட்டையைப் புதிய ஐபோன்களில் வைத்தால், சார்ஜ் தீர்ந்த பிறகும் சில மணி நேரம் வாயிலில் தட்ட முடிகிறது. அதற்கென்று போன் கொஞ்சம் மின்சாரத்தை ஒதுக்கிவைக்கிறது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை, என் போன் அந்த வகையும் இல்லை. நம்பத்தக்க அளவில் அப்படி ஒரு வசதி என் கையில் இருந்திருந்தால் என் சாய்வும் மாறியிருக்கலாம்.

இன்னொரு சிறிய காரணம், மீதித் தொகை. பழைய வகை ஈஸிலிங்க் அட்டையில் பணக்கணக்கு சிப்பிலேயே இருக்கிறது. தட்டியதும் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று வாயில் திரையில் தெரிந்துவிடும். சிம்ப்ளிகோவில் கணக்கு வேறெங்கோ ஒரு கணினியில் இருப்பதால் திரையில் தொகை வருவதில்லை. 2024 ஜனவரி 9 அன்று, பழைய வகையை ஜூன் முதல் நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது மக்கள் கொதித்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இதுதான். இரண்டே வாரத்தில், ஜனவரி 22 அன்று, முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவிட அரசு ஒப்புக்கொண்டது. மக்கள் கேட்டதும் சரி, அரசு இறங்கிவந்ததும் சரி என்றே நினைக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் ஓர் அட்டையைக் கொடுத்தேன். இரண்டாம் நாளே தனியாகத் தேக்கா சந்தைக்குப் போய்வந்து, "வாசலிலேயே கணக்கைக் காட்டிவிடுகிறதே, பயமில்லை" என்றார். அவருடைய இந்திய வங்கி அட்டையைத் தட்டியிருந்தால் பயணம் செய்யும் ஒவ்வொரு நாளும் 60 காசு கூடுதல் கட்டணம் போயிருக்கும்.

போனுக்குச் சாதகமாக ஒன்று மிச்சமிருக்கிறது. பழைய வகை அட்டை தொலைந்தால் அதிலுள்ள பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். போன் தொலைந்தால் வங்கி அட்டையை முடக்கிவிடலாம். ஈஸிலிங்க் அட்டையிலேயே, கணக்கு சிப்பில் இல்லாமல் கணினியில் இருக்கும் சிம்ப்ளிகோ வகை ஒன்றும் உண்டு; அதையும் செயலியிலிருந்தே முடக்கலாம். பொருள்களை அடிக்கடி தொலைப்பவர்களுக்கு இந்த நடுவழி பொருந்தும். நான் பழைய அட்டையில் 20 வெள்ளிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. போனிலும் சிம்ப்ளிகோவை அழிக்கவில்லை. அட்டையை வீட்டில் மறந்துவிட்டுக் கிளம்பும் நாளில் போனைத்தான் தட்டுகிறேன். அன்று மட்டும் பையில் சார்ஜர் இருக்கும்.